தமிழ் லேபிள்கள் நகராமல் இருக்க: இங்க்ஸ்கேப் படங்களை லேடெக் நூலுக்குள் கொண்டுவந்த வேலையின் பதிவு

தமிழ்மொழி மாதமான ஏப்ரலையொட்டி எங்கள் சமூக மன்றத்தின் வாசிப்புக் குழு, சிங்கப்பூரின் தண்ணீரைப் பற்றி ஒரு சிறு கையேடு வெளியிட முடிவு செய்தது. உள்ளூர் நீர்ப்பிடிப்பு, மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் நீர், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர், உப்பு நீக்கிய கடல்நீர் ஆகிய நான்கு நீர்வளங்களையும் இடப்பக்கத்தில் தமிழிலும் வலப்பக்கத்தில் ஆங்கிலத்திலும் விளக்கும் ஏ5 அளவுப் புத்தகம் அது. பக்கங்களை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோக்கும் பொறுப்பு என்னுடையது. படங்களைக் குழுவில் உள்ள இளம் ஆசிரியை ஒருவர் இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தார். ஒரே படம் இரண்டு முறை வரும். கோடுகளும் வண்ணங்களும் மாறாது, லேபிள்களின் மொழி மட்டும் மாறும்.

முதல் மாதிரி அச்சில் ஆங்கிலப் பக்கத்துப் படங்கள் ஓரளவு பார்க்கும்படி இருந்தன. எதிர்ப்பக்கத்தில் அதே படங்களின் தமிழ் லேபிள்கள் பெட்டிகளைத் தாண்டி வலப்புறம் ஓடியிருந்தன. ஒரே வரிசையில் நிற்க வேண்டிய சொற்கள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நின்றன. அம்புக்குறியின் நுனி ஓர் எழுத்தின் கொம்பைக் குத்திக்கொண்டிருந்தது. இரு மொழிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு புத்தகத்தில் இதைச் சிறு குறை என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிழையில்லாத தமிழை எழுதிவிட்டு அதைக் கோணலாக அச்சிட்டுக் கொடுத்தால், படிக்கும் பிள்ளை அந்தக் கோணலை மென்பொருளின் கணக்கில் எழுதமாட்டாள், மொழியின் கணக்கில்தான் எழுதுவாள். ஆகவே காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். அந்த வேலையை, இதே வழியில் தமிழ்ப் படங்கள் செய்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே விரிவாகப் பதிகிறேன்.

முதலில் நாங்கள் எடுத்த வழியைச் சொல்ல வேண்டும். இங்க்ஸ்கேப்பில் படத்தை பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது, எழுத்துகளைப் பிடிஎஃப்பிலிருந்து நீக்கிவிட்டு அவற்றைத் தனி லேடெக் கோப்பில் எழுதித் தரும் தெரிவு ஒன்று உண்டு. இந்த வசதி 2010இல் வந்த 0.48 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் இரண்டு கோப்புகள் கிடைக்கும்: கோடுகளும் நிறங்களும் மட்டும் உள்ள ஒரு பிடிஎஃப், எந்தச் சொல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒரு லேடெக் கோப்பு. லேபிள்களை நூலின் எழுத்துருவிலேயே, நூலின் எழுத்தளவிலேயே லேடெக் கோத்துக்கொள்ளும். எழுத்தோடு சேர்த்து முழுப் படத்தையும் ஒரே பிடிஎஃப்பாகக் கொண்டுவந்து சுருக்கினால், எழுத்தும் கூடவே சுருங்கிவிடும். எங்கள் படங்கள் 297 மி.மீ. அகலமுள்ள ஏ4 கிடைத்தாளில் வரையப்பட்டவை. கையேட்டின் எழுத்துப் பரப்பு 110 மி.மீ. அதாவது படம் நூற்றுக்கு 37 ஆகச் சுருங்கும். 9 புள்ளியில் எழுதிய லேபிள் 3.3 புள்ளியாகிவிடும். அதை யாராலும் படிக்க முடியாது. ஆகவே எழுத்தைப் பிரித்து அனுப்பும் வழிதான் சரியானது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல், அப்படிப் பிரித்து அனுப்பும்போது எது கூடவே போகிறது, எது பின்தங்கிவிடுகிறது என்பதில் இருந்தது.

அதைத் தெரிந்துகொள்ளச் சிறந்த வழி, அந்த லேடெக் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து படிப்பதுதான். கோப்பின் தலைப்பகுதியில் சில பாதுகாப்பு வரையறைகள் இருக்கும். அவற்றைத் தாண்டினால் ‘பிக்சர்’ சூழல் தொடங்கும். அதன் அலகு நீளம் படத்தின் அகலமே. ஆகவே எல்லா இடக்குறிப்புகளும் அந்த அகலத்தின் பின்னங்களாக இருக்கும். ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு வரி: ‘புட்’ என்ற கட்டளை, கிடைமட்டத்துக்கு ஒரு பின்னம், செங்குத்துக்கு ஒரு பின்னம், பிறகு நிறம், பிறகு அகலமும் உயரமும் பூச்சியமாக உள்ள ஒரு ‘மேக்பாக்ஸ்’, அதற்குள் எல், சி, ஆர் என்ற மூன்றில் ஓர் எழுத்து, கடைசியில் லேபிளின் சொல். சொல்லைச் சுற்றி ‘ஸ்மாஷ்’ என்ற கட்டளையும் இருக்கும். அது அச்சொல்லின் உயரத்தையும் ஆழத்தையும் பூச்சியமாக எண்ணும்படி லேடெக்குக்குச் சொல்கிறது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு லேபிளைப் பற்றி வரைபட மென்பொருள் அச்சுக்கோப்பு மென்பொருளுக்குச் சொல்லும் செய்தி, ஒரு புள்ளி, அந்தப் புள்ளியின் எந்தப் பக்கம் சொல் நிற்க வேண்டும் என்பது, நிறம், சாய்வு இருந்தால் கோணம், பல வரியானால் வரி இடைவெளி ஆகியவை மட்டுமே. சொல்லின் அகலம் போவதில்லை. உயரம் போவதில்லை. திரையில் எந்த அளவில், எந்த எழுத்துருவில் பார்த்தோம் என்பதும் நாம் படத்தைச் செருகும் இடத்தில் செல்லுபடியாவதில்லை. சுவரில் ஆணி அடித்த இடம் மட்டும் போகிறது. அதில் மாட்டிய நாட்காட்டி எவ்வளவு பெரியது என்பது மறுபக்கத்துக்குத் தெரியாது. திரையில் கண்ணளவில் நடுவில் வைத்த சொல் அச்சில் நடுவில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு அந்த வரியில் எந்த ஆதாரமும் இல்லை.

படம் வரைந்த ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, “அண்ணே, என் ஸ்க்ரீன்ல நடுவுலதானே இருக்கு, நீங்களே பாருங்க” என்றார். அவர் சொன்னது உண்மை. அவருடைய திரையில் ‘புற ஊதாக்கதிர்’ என்ற சொல் பெட்டியின் நட்டநடுவில்தான் இருந்தது. ஆனால் அச்சொல் இடப்புறச் சீரமைப்பில் தட்டச்சு செய்யப்பட்டு, பிறகு எலியால் இழுத்து நடுவில் வைக்கப்பட்டது. இங்க்ஸ்கேப்பில் புதிதாக ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் இயல்பாகவே அது இடப்புறச் சீரமைப்பில்தான் இருக்கும். கோப்பில் அதற்குரிய புள்ளி, சொல்லின் முதல் எழுத்து தொடங்கும் இடம்.

அந்த ஒரு பெட்டியை மட்டும் அளந்து பார்த்தேன். ஏ4 தாளில் பெட்டியின் அகலம் 40 மி.மீ.; 9 புள்ளியில் அச்சொல் ஏறத்தாழ 25 மி.மீ. நீளம், ஆக, இருபுறமும் ஏழரை மி.மீ. இடம் விட்டு அழகாக நின்றது. அச்சில் படம் 37 விழுக்காடாகச் சுருங்கியதும் பெட்டி 14.8 மி.மீ. ஆனது, இடப்பக்க இடைவெளி 2.8 மி.மீ. ஆனது; சொல் மட்டும் அதே 25 மி.மீ. நீளத்தில் தொடங்கி, பெட்டியின் வலது ஓரத்தைத் தாண்டி 13 மி.மீ. வெளியே போய் நின்றது. ஆங்கிலப் பக்கத்தில் அதே பெட்டிக்குள் இருந்தவை இரண்டே எழுத்துகள், ‘யூவி’. அவை சுருங்கிய பெட்டிக்குள்ளும் அடங்கின. ஆங்கிலம் தப்பித்ததற்கும் தமிழ் மாட்டிக்கொண்டதற்கும் காரணம் இவ்வளவுதான். லேபிளின் நீளம் பிழையை உண்டாக்கவில்லை. இருந்த பிழையை வெளியே காட்டியது.

இதற்கான மாற்று இரண்டு படிகள். முதலாவது, படத்தை அச்சாகும் அளவிலேயே வரைவது. இங்க்ஸ்கேப்பின் ஆவணப் பண்புகளில் தாளின் அகலத்தை 110 மி.மீ. என்று வைத்து, பழைய படங்களின் உருவங்களை மட்டும் அந்த அளவுக்குச் சுருக்கி, லேபிள்களைச் சரியான எழுத்தளவில் புதிதாகத் தட்டச்சு செய்தோம். அப்போது பெட்டிகள் போதவில்லை என்பது வரையும்போதே தெரிந்துவிடும். அச்சகத்திலிருந்து மாதிரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, பெட்டிக்குள் நிற்கும் ஒவ்வொரு லேபிளுக்கும் நடுச் சீரமைப்பைக் கொடுத்து, பிறகு சீரமைப்புப் பலகையில் பெட்டியின் செங்குத்து அச்சோடு பொருத்துவது. அம்புக்குறியின் வலப்பக்கம் நிற்கும் லேபிளுக்கு இடச் சீரமைப்பு. இடப்பக்கம் நிற்பதற்கு வலச் சீரமைப்பு. சொல் எந்தப் பக்கமாக நீண்டால் படத்துக்குக் கேடில்லையோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் புள்ளியை வைக்க வேண்டும் என்பதே நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. சொல்லைப் பின்னால் திருத்தினாலும், எழுத்துருவையே மாற்றினாலும், இந்த விதிப்படி வைத்த லேபிள் இடம் பிசகுவதில்லை.

எழுத்தளவில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்க்ஸ்கேப்பின் எழுத்துக் கருவி படப்புள்ளியில் அளவு காட்டும்படி அமைந்திருக்கலாம். இங்க்ஸ்கேப் படங்களைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு வடிவத்தில் ஓர் அங்குலத்துக்கு 96 படப்புள்ளிகள். அச்சுப் புள்ளியோ அங்குலத்துக்கு 72. ஆகவே திரையில் 12 படப்புள்ளி என்று தெரிவது அச்சில் 9 புள்ளி. அலகைப் புள்ளிக்கு மாற்றி வைத்துக்கொள்வதே நல்லது. லேடெக்கின் சொந்தப் புள்ளி அங்குலத்துக்கு 72.27 என்பதால் அதிலும் ஒரு சிறு வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு, ஏ5 பக்கத்தில் கண்ணுக்குப் படாது. 0.92க்கு முந்தைய பதிப்புகளில் வரைந்த கோப்புகளைத் திறப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அப்போது அங்குலத்துக்கு 90 படப்புள்ளி என்ற கணக்கு இருந்தது. லேடெக் பக்கத்தில், படத்தைச் செருகும் இடத்தில் ‘ஸ்மால்’ கட்டளையை வைத்தோம். 10 புள்ளி நூலில் அது 9 புள்ளியைத் தரும். இதைச் செய்யாவிட்டால் லேபிள்கள் நூலின் 10 புள்ளியில் வந்து மீண்டும் பெட்டியை நெருக்கும்.

அடுத்தது எழுத்துரு. படங்களின் கோப்பில் எழுத்துரு ‘ஏரியல்’ என்று பதிவாகியிருந்தது. ஏரியலில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக் காட்டுகிறது: விண்டோஸ் கணினியில் லதாவோ நிர்மலாவோ, மேக் கணினியில் இணைமதியோ தமிழ்ச் சங்கமோ. ஒரே கோப்பு, ஒரே எழுத்துருப் பெயர், ஆனால் இரண்டு மேசைகளில் இரண்டு அகலங்கள். படம் வரைந்தவர் ஒரு கணினியிலும் நான் இன்னொன்றிலுமாகச் சில நாள் ஒரே லேபிளை மாறி மாறி நகர்த்திக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இரு கணினிகளிலும் நிறுவி, கோப்புகளில் அதன் பெயரையே வெளிப்படையாகக் கொடுத்து, லேடெக்கிலும் அதையே அமைத்த பிறகு திரையும் தாளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகத் தொடங்கின. லேடெக் பக்கத்தில் யூனிகோடு எழுத்துருக்களைக் கையாளும் லுவாலேடெக்கை எடுத்துக்கொண்டு, எழுத்துருக்களை அமைக்கும் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துமுறை தமிழ் என்றும், எழுத்துகளைச் சேர்த்து உருவம் கொடுக்கும் வடிவமைப்பி ஹார்ஃப்பஸ் என்றும் சொல்லிவிட்டோம். லேடெக்கை நிறுவப் பயன்படும் டெக் லைவ் தொகுதியின் 2020 பதிப்பு முதல் அந்த வசதி லுவாலேடெக்குக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துமுறையைச் சொல்லாமல் விட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தம் மெய்யெழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

இவ்வளவும் ஆன பின் கிடைமட்டத்தில் எல்லாம் சரியாகிவிட்டன. செங்குத்தில்தான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் பாக்கி இருந்தது.

நான்கு நீர்வளங்களின் படத்தில் மேல் வரிசையில் நான்கு வட்டங்கள். முதல் வட்டத்தில் ‘மழை’, நான்காவதில் ‘கடல்’. வரைந்தவர் ஒவ்வொரு சொல்லையும் அதனதன் வட்டத்தின் மையத்தோடு சீரமைப்புப் பலகையில் பொருத்தியிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில்தான் இருந்தது. ஆனால் ஓர் அளவுகோலை வரிசைக்குக் கீழே வைத்துப் பார்த்தால், ‘மழை’ சற்று மேலேயும் ‘கடல்’ சற்று கீழேயும் நின்றன. காரணம் எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. ‘மழை’ என்ற சொல்லில் மேலே எழும் குறி எதுவும் இல்லை. ழகரத்தின் வால் மட்டும் எழுத்து அமரும் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ‘கடல்’ என்ற சொல்லில் கீழே இறங்குவது எதுவுமில்லை. லகரத்தின் புள்ளி மட்டும் மேலே எழுகிறது. மென்பொருள் ஒவ்வொரு சொல்லையும் அது தொடும் உச்சிக்கும் அடிக்கும் நடுவே அளந்து மையப்படுத்துகிறது. வால் உள்ள சொல் மேலே தள்ளப்படுகிறது, புள்ளி உள்ள சொல் கீழே தள்ளப்படுகிறது. வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஆனால் நான்கு சொற்கள் ஒரே வரிசையில் நிற்கும்போது கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் இது உண்டு என்றாலும், லேபிள்களைப் பெரிய எழுத்தில் எழுதும் வழக்கம் அங்கே அதை மறைத்துவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லை; இகர ஈகாரச் சுழிகளும் புள்ளியும் மேலே, உகர ஊகார வால்கள் கீழே என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனி உருவம்.

இதற்கும் விடை அந்த ஒற்றை வரியிலேயே இருக்கிறது. கோப்பில் போகும் புள்ளி எழுத்து அமரும் கோட்டின்மேல் உள்ள புள்ளி. ‘ஸ்மாஷ்’ உயரத்தையும் ஆழத்தையும் பூச்சியமாக்குவதால், லேடெக் அந்தக் கோட்டை அப்படியே காப்பாற்றுகிறது. ஆகவே நாம் சரிசெய்ய வேண்டியதும் அந்தக் கோட்டைத்தான். இங்க்ஸ்கேப்பின் சீரமைப்புப் பலகையில், சொற்கள் அமரும் அந்த அடிநிலைக் கோடுகளை ஒரே மட்டத்தில் நிறுத்தும் பொத்தான் ஒன்று தனியாக உண்டு. ஒரு வரிசையில் உள்ள எல்லா லேபிள்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் போதும். நான் அதோடு நில்லாமல், கோப்பின் உள்ளெண்களைக் காட்டும் எக்ஸ்எம்எல் திருத்தியையும் திறந்து, வரிசையில் உள்ள லேபிள்களின் செங்குத்து எண் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். கண் ஏமாறலாம், அங்கே உள்ள எண் ஏமாறாது. வட்டத்துக்குள் சொல் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை வரிசைக்கு ஒரு முறை மட்டும், உள்ளதிலேயே உயரமும் ஆழமும் மிகுந்த சொல்லை வைத்து முடிவு செய்தோம். எங்கள் படத்தில் அது ‘புதுநீர்’: கீழே இரண்டு உகரங்கள், மேலே ஒரு ஈகாரச் சுழியும் ஒரு புள்ளியும். அது வட்டத்தில் நன்றாக அமர்ந்தால் மற்றவை தாமாகவே அமரும்.

இரண்டு வரி லேபிள்களுக்கும் இங்கேயே ஒரு சொல். ‘ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு’ என்று எந்தப் பெட்டியிலும் ஒரே வரியில் எழுத முடியாது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துச் சுருக்கம் இருக்கிறது. நாங்கள் தமிழில் சுருக்கம் தேட விரும்பவில்லை, கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் ஓடும் சுரங்கத்துக்கு முழுப் பெயர் இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். சொல்லுக்கு நடுவே ஒரு வரி முறிப்பைக் கொடுத்தால் கோப்பில் அது சிறு அட்டவணையாகப் போகிறது. முதல் வரியின் அடிநிலைக் கோடுதான் புள்ளியில் அமரும், மற்ற வரிகள் அதற்குக் கீழே தொங்கும். வரி இடைவெளி இயல்பாக 1.25. தமிழில் மேல்வரியின் உகர வாலும் கீழ்வரியின் இகரச் சுழியும் நெருங்குவதால் 1.4 வைத்தோம். லேபிளின் கடைசியில் விடுபட்டுக் கிடக்கும் இடைவெளிகளையும் நீக்கிவிட வேண்டும்: நடுச் சீரமைப்பில் திரை அந்த இடைவெளியையும் அகலத்தில் சேர்த்துக்கொள்கிறது, லேடெக் அதைத் தள்ளிவிடுகிறது, சொல் அரை இடைவெளி நகர்ந்துவிடும்.

சில படங்கள் டிரா.ஐஓ என்ற வேறொரு வரைபடக் கருவியில் வரையப்பட்டு எஸ்விஜியாக வந்தன. அவற்றை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் லேபிள்களே தெரியவில்லை. எழுத்தைக் காட்ட முடியவில்லை என்ற ஓர் ஆங்கில வாசகம் மட்டும் அடியில் நின்றது. வரி மடிப்பும் வடிவமைப்பும் உள்ள எழுத்தை டிரா.ஐஓ இணையப் பக்கத் துண்டாக எஸ்விஜிக்குள் வைப்பதுதான் காரணம். அங்கேயே அவ்விரு தெரிவுகளையும் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தால் உண்மையான எழுத்தாக வரும். ஆனால் பல வரி லேபிள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனித் துண்டாக வந்துசேரும். அவற்றை ஒன்றாக்கித் தட்டச்சு செய்வதே நல்லது.

விழுக்காட்டுக் குறி ஒரு வேடிக்கை இல்லாத தொல்லை. லேபிள்கள் லேடெக் கட்டளையாகவே படிக்கப்படுவதால், ‘40%’ என்று எழுதினால் அந்தக் குறிக்குப் பின்னால் அதே வரியில் உள்ள எல்லாம் கருத்துரையாக விழுங்கப்பட்டு, மூடும் அடைப்புக்குறிகளும் போய்விடுகின்றன. நூல் முழுவதும் கோக்கப்படாமல் நின்றுவிடும். குறிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது ‘விழுக்காடு’ என்று எழுத வேண்டும். நாங்கள் எழுதினோம்.

இன்னொரு சிக்கல் நேரத்தைத் தின்றது என்பதால் அதையும் விளக்கிவிடுகிறேன். லேடெக், படத்தின் பிடிஎஃப்பில் மூன்றாம் பக்கம் இல்லை என்று பிழைச்செய்தி தந்தது. ஒற்றைப் படத்துக்கு ஏது மூன்றாம் பக்கம் என்று முதலில் விளங்கவில்லை. படத்தில் உருவங்களும் எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தால், இங்க்ஸ்கேப் அந்த அடுக்கு வரிசையைக் காப்பாற்றுவதற்காக உருவங்களைப் பல பக்கங்களாக வெட்டுகிறது. முதல் பக்கத்து உருவங்கள், பிறகு சில லேபிள்கள், பிறகு இரண்டாம் பக்கத்து உருவங்கள் என்று லேடெக் கோப்பு அவற்றை அடுக்கிக்கொண்டே போகும். பிடிஎஃப்பை மட்டும் புதுப்பித்து அனுப்பி, லேடெக் கோப்பைப் பழையதாகவே விட்டால் பக்க எண்ணிக்கை ஒவ்வாமல் போகும். எல்லா லேபிள்களையும் ஒரே அடுக்கில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம். உருவங்கள் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. இரு கோப்புகளும் எப்போதும் ஒன்றாகவே பிறக்கட்டும் என்று, கட்டளை வரியிலிருந்து இங்க்ஸ்கேப்பை இயக்கி எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் ஏற்றுமதி செய்யும் சிறு நிரல் ஒன்றையும் எழுதி வைத்தேன். அதன்பின் யாரும் கோப்புகளைத் தனித்தனியாக அனுப்புவதில்லை, எஸ்விஜியை மட்டுமே அனுப்புகிறோம்.

எங்கள் குழுவின் பழைய வட்டுகளில் 1990களின் கடைசியில் செய்த சில படங்களும் கிடைத்தன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் தமிழ் முறையை உருவாக்கி, 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கேயே கூடிய காலம் அது. யூனிகோடு புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய குறியீடுகளில் தட்டச்சு செய்த லேபிள்கள் இன்று திறந்தால் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரிகின்றன. அக்குறியீடுகள் பலவற்றில் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால். வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. எங்களுக்கு வேண்டியவை சில படங்களே என்பதால் லேபிள்களைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிட்டோம். அந்தக் காலத்தில் இவ்வளவு நேர்த்தியாகத் தமிழ்ப் படங்கள் செய்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

புதுநீர் தயாராகும் முறையைக் காட்டும் படத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பிலிருந்து எடுத்துவிட்டு, லேடெக்குக்குள்ளேயே, கட்டளைகளால் படம் வரையும் டிக்ஸ் தொகுப்பில் எழுதினேன். நுண்வடிகட்டல், நேர்மாறு சவ்வூடு பரவல், புற ஊதாக்கதிர் என்ற மூன்று கட்டங்களும் மூன்று பெட்டிகள், இடையில் அம்புகள், அவ்வளவுதான் படம். பெட்டியின் அளவைச் சொல்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற நிலையில், முதலில் பெட்டியை வரைந்து பிறகு சொல்லைத் திணிப்பது தலைகீழான வேலை. டிக்ஸில் சொல்லை எழுதினால் பெட்டி அதைச் சுற்றி வளர்கிறது. தமிழ் நீண்டால் பெட்டி நீளும், ஆங்கிலம் குறுகினால் பெட்டி குறுகும். ஆனால் அங்கேயும் மேலே சொன்ன அடிநிலைச் சிக்கல் அச்சு மாறாமல் காத்திருந்தது, ஏனென்றால் டிக்ஸும் இயல்பாகப் பெட்டியின் மையத்தைத்தான் இடக்குறிப்பில் வைக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ‘ஸ்ட்ரட்’ என்ற கட்டளையைச் சேர்த்தேன். வரி இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு உயரமும் மூன்று பங்கு ஆழமும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத தூண் அது. எல்லாச் சொற்களுக்கும் அதே தூண் என்பதால் எல்லாப் பெட்டிகளும் ஒரே உயரம், எல்லாச் சொற்களும் ஒரே மட்டம். பெட்டிகளும் அம்புகளும் மட்டுமே உள்ள படங்களுக்கு இனி இந்த வழியையே எடுப்பேன். மரினா அணைக்கட்டின் குறுக்குவெட்டு போன்று கையால் வரைய வேண்டிய படங்களுக்கு இங்க்ஸ்கேப்தான்.

நீர்ப்பிடிப்பு வரைபடம் ஒன்று மிச்சமிருந்தது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதையும், 17 நீர்த்தேக்கங்களையும் காட்டும் அந்தப் படத்தில், ‘சிங்கப்பூர் ஆறு’ என்ற பெயர் ஆற்றின் வளைவோடு சேர்ந்து வளைந்து ஓடியது. ஒரு புள்ளியும் ஒரு கோணமும் மட்டுமே கொண்டுசெல்லும் வரியால் வளைவைச் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஒரு பெயரை மட்டும் எழுத்திலிருந்து உருவமாக மாற்றி, கோடுகளோடு பிடிஎஃப்பிலேயே விட்டுவிட்டோம். மாற்றுவதற்கு முந்தைய நகலைத் திருத்தம் வந்தால் எடுத்துக்கொள்ளத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம். படம் ஏற்கெனவே அச்சளவில் இருந்ததால் அந்தப் பெயரும் மற்ற லேபிள்களின் அளவிலேயே, அதே நோட்டோ எழுத்தில் வந்துவிட்டது. நீர்த்தேக்கங்களின் பெயர்கள் எல்லாம் நேராக நிற்பவை. அவற்றில் கரைக்கு அருகில் உள்ளவற்றுக்குக் கடல் பக்கமாகச் சொல் நீளும்படி புள்ளியை மாற்றிய பிறகு, இறுதிக் கோப்பை பிராஸ் பாசாவில் உள்ள அச்சகத்துக்கு அனுப்பிவிட்டோம்.